கச்சான் காத்தும் டிராக் சைக்கிளும்: ராமநாதபுரம் கரையில ஒரு கோடை சீசன்

#1 · உச்சிப்புளி மிதி · ஜூன் 22

ஏப்ரல்ல ஆரம்பிச்ச என் சீசன் போன வாரத்தோட முடிஞ்சது. ரெண்டு திருவிழாப் பந்தயம், ஒரு கியர் சைக்கிள் ரோடு ரேஸ், கடைசியா ரெண்டு நாள் டிராக். வயசு 33, வேலை ராமநாதபுரத்துல, வீடு உச்சிப்புளி பக்கம். தேவிபட்டினத்துல இருந்து சாயல்குடி வரைக்கும் தனியா மிதிக்கிறவங்க அங்கங்க இருக்கோம். ஒருத்தர் பட்டுத் தெரிஞ்சது அடுத்தவருக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. அதனால நீளமாவே எழுதுறேன்.

திருவிழாப் பந்தயம் உங்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டுன்னு மாட்டு வண்டிகள் ஓடுற அன்னைக்கே சைக்கிளும் விடுவாங்க. தூரம் இன்னமும் மைல் கணக்குதான். "போக வர எட்டு மைல்", அதாவது கிட்டத்தட்ட 13 கி.மீ. கியர் இல்லாத சாதாரண சைக்கிள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு கழட்டிக்கலாம். முதல் ஊர்ல நான் ஏழாவது. ஜெயிச்சது விசைப்படகுக்குப் போற ஒரு தம்பி. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகெல்லாம் கரையில கிடக்கு, பசங்களும் கரையில இருக்காங்க. திரும்புற இடம் வரைக்கும் நான் அந்தத் தம்பிக்குப் பக்கத்துலயேதான் இருந்தேன். கொடியைக் கண்டதும் ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு, கிட்டத்தட்ட நின்னு, திரும்பினேன். அந்தத் தம்பி அகலமா வெளியில போய், காலை நிறுத்தாம, வளைஞ்சு வந்துருச்சு. ஒத்தைப் பல்லுல செத்த வேகத்தை மறுபடி எழுப்ப எனக்கு நூறு மீட்டர் ஆச்சு. அதுக்குள்ள நாலு பேர் போயிட்டாங்க. அடுத்த ஊர்ல அதே மாதிரி திரும்பிப் பார்த்தேன், மூணாவது வந்தேன்.

மே மாசம் வெளிமாவட்டத்துல ரோடு ரேஸ், 40 கி.மீ. 22-வது கிலோமீட்டர்ல பக்கக் காத்துல கூட்டத்தை விட்டு அறுந்துட்டேன், அதோட தனியா மிதிச்சு முடிச்சேன். அதைப் பத்தி எழுத வேற ஒண்ணும் இல்ல.

டிராக் பத்திதான் சொல்லணும். ஒரு நண்பரோட கோச் மூலமா 333.33 மீட்டர் சிமெண்ட் வெலோட்ரோம்ல, அதாவது சைக்கிள் பந்தயத்துக்குன்னே கட்டுன சரிவான வட்டத் தளத்துல, ரெண்டு நாள் கிடைச்சது, முதல் நாள் மாலையும் அடுத்த நாள் காலையும் நேரம் எடுத்தாங்க. மூணு சுத்து ஒரு கிலோமீட்டர். இரவல் சைக்கிள், முன்னாடி 49 பல், பின்னாடி 15. பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுத்துற வரைக்கும் காலும் சுத்தும். ஒரு சுத்து முடிஞ்சு பழக்கதோஷத்துல காலை நிறுத்தப் பார்த்தேன். பெடல் என்னைச் சீட்ல இருந்து தூக்கிருச்சு. வேகம் குறைக்கணும்னா மேல ஏறணும், ஏறுனா தானா குறையும். வேகம் வேணும்னா மேல இருந்து கீழ இறங்கணும். வளைவுச் சரிவை அடிவாரத்துல நின்னு பார்த்தப்போ இதுல சைக்கிள் எப்படி நிக்கும்னு வயிறு கலங்குச்சு. வேகத்தோட போனா அது சமதளம் மாதிரி இருக்கு. மெதுவாப் போனாதான் ஆபத்து, டயர் கீழ வழுக்கும்.

4 கி.மீ. பர்சூட், அதாவது தனியா நேரத்துக்கு எதிரா ஓட்டுறது, 12 சுத்து. முதல் நாள் நேரம் 5 நிமிஷம் 52 நொடி. நின்ன இடத்துல இருந்து கிளம்புன சுத்து 32 நொடி, அடுத்து 27, 27, 28, 28, 29, அப்புறம் முப்பது முப்பதா விழுந்து கடைசி ரெண்டும் முப்பதரை. முதல் நிமிஷத்துல செலவழிச்சதைக் கடைசி வரைக்கும் அடைச்சேன். மறுநாள் கோச் சொன்னபடி முதல் சுத்தை 34-ல விட்டு, மத்த 11 சுத்தையும் 28-க்குப் பக்கத்துலயே வெச்சேன். 5:44. மெதுவா ஆரம்பிச்சதுக்கு 8 நொடி லாபம்.

எதுக்கு இதெல்லாம்னா, "எங்க பழகுனீங்க, உங்க ஊர்ல டிராக் இருக்கா?"னு கோச் கேட்டார். இல்லன்னேன். "அப்போ நிறுத்தாம மிதிக்கிறது எங்கிருந்து வந்துச்சு"ன்னார். ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்ல யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஏர்வாடியில இருந்து சாயல்குடிப் பக்கம் கச்சானுக்கு, அதான் தென்மேற்குக் காத்துக்கு, எதிரா மிதிக்கிறப்போ காலை நிறுத்துனா வண்டி நின்னுரும். நம்ம ரோட்டுல இறக்கம்னு ஒண்ணு கிடையாது, சும்மா உருள இடமே இல்ல. வருஷக் கணக்கா நமக்கு ஃபிக்ஸட் சைக்கிள் பழக்கம் குடுக்குறது இந்தக் காத்துதான். டிராக் இல்லாத மாவட்டத்துல இருந்துகிட்டு டிராக்குக்குத் தயாராக முடியும்னு நான் இப்போ நம்புறேன்.

#2 · நுங்கு வண்டி · ஜூன் 22

அண்ணே, படிச்சுட்டு ரொம்ப சந்தோஷம். நான் மிதிக்கிறது கடைக்கும் வீட்டுக்கும்தான். ஆனா என் சின்ன மக, 12 வயசு, ரேஸ்ல ஓட்டணும்னு ஒரே பிடிவாதம். வீட்ல இருக்கறது அவ அக்காவுக்குப் பதினொண்ணாம் வகுப்புல ஸ்கூல்ல குடுத்த சைக்கிள் ஒண்ணுதான். அதுல பழகலாமா, இல்ல கியர் சைக்கிள் வாங்கணுமா?

#3 · கறுப்புக் கோடு · ஜூன் 23

சென்னையில டிராக் ஓட்டுறவன். வாழ்த்துகள், இரவல் சைக்கிள்ல 5:44 நல்ல நேரம். ஆனா உங்க கடைசிப் பத்தியை அப்படியே ஒத்துக்க முடியல.

எதிர்காத்து என்ன பண்ணும்னு கணக்குப் போடுங்க. நீங்க 30-ல போறீங்க, எதிர்ல 20-ல காத்து வருதுன்னா நெஞ்சுல மோதுறது 50. காத்துத் தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால தடை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. உடனே என்ன செய்வோம்? வேகம் விழும், நிமிஷத்துக்கு 65, 70 சுத்துக்குக் கால் இறங்கும், செக்கு இழுக்குற மாதிரி ஆயிடும். உங்க 49-15-ல பெடல் ஒரு சுத்துக்கு சைக்கிள் 6.85 மீட்டர் போகும். மணிக்கு 41 கி.மீ. போக நிமிஷத்துக்கு 100 தடவை கால் சுத்தணும். 70-ல பழகுன கால் 100-க்குத் திடீர்னு வராது. உங்க முதல் நாள் சுத்துகள் 30-க்கு விழுந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

டிராக்ல கத்துக்க வேண்டியது இன்னொண்ணும் இருக்கு, அது காத்துல கிடைக்காது. கூட்டத்தோட ஓட்டுறது. உள்பக்கம் கறுப்புக் கோடு, அதுலதான் தூரம் அளக்குறது. அதுக்கு மேல சிவப்புக் கோடு. ஸ்பிரின்ட்ல (குறுந்தூர வேகப் பந்தயம்) முன்னாடி போறவர் ரெண்டுக்கும் நடுவுல இறங்கிட்டா, பின்னாடி வர்றவர் உள்பக்கமா நுழையக் கூடாது. அதுக்கும் மேல நீலக் கோடு. நாலு பேர் தோள் உரசப் போறப்போ இந்தக் கோடுகள்தான் உயிரைக் காப்பாத்தும். பர்சூட் தனியாள் ஆட்டம், அதனால உங்களுக்கு இது இன்னும் தெரிஞ்சிருக்காது.

#4 · உச்சிப்புளி மிதி · ஜூன் 23

நீங்க சொல்றது சரி. கூட்டத்தோட ஓட்டுறதை ஸ்க்ராட்ச் ரேஸ்ல (எல்லாரும் ஒண்ணா கிளம்பி ஓட்டுறது) பார்த்துட்டேன். 30 சுத்து, 10 கி.மீ. பத்தாவது சுத்துலயே இறங்கிட்டேன், பயம்தான் காரணம்.

ஆனா கால் வேகத்துக்கு வழி இருக்கு. ஜூன்ல கச்சான் தென்மேற்குல இருந்து அடிக்குது. தேவிபட்டினம் தாண்டி தொண்டிப் பக்கம் போற ரோடு வடகிழக்கா ஏறுது. போறப்போ காத்து முதுகுல. சின்ன கியர்ல போட்டு 110 சுத்துல கால் பறக்கலாம். திரும்புறப்போ எதிர்காத்து. போகையில கால் வேகம், வருகையில கால் பலம். இதைத்தான் ஜூன் மாசம் செஞ்சேன்.

#5 · பழைய பி.டி. மாஸ்டர் · ஜூன் 23

தம்பி, உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இந்த ஒரு யோசனையை மட்டும் இளைஞர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். 29 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டவன் நான்.

நம் கரையில் விடியற்காலை காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஐந்து மணிக்குக் கிளம்பிக் காற்றின் போக்கில் 40 கிலோமீட்டர் போய்விட்டீர்கள் என்றால், திரும்பும் நேரம் ஒன்பது, பத்து. காற்றும் எதிரே, வெயிலும் தலைமேலே, குடிநீரும் தீர்ந்த வேளை. கத்திரி வெயில் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இங்கே ஜூனிலும் அதே உடம்புதான், அதே வெயில்தான். ஒரு முறை என் மாணவன் ஒருவன் இப்படித் திரும்பும்போது வியர்வை நின்று, உடல் சிலிர்த்து, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னான். பனை நிழலில் படுக்கவைத்து, தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம். பிழைத்தான். அந்த இருபது நிமிடங்களை நான் மறக்கவில்லை.

கிளம்பும் முன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை எடை பாருங்கள். ஒன்றரைக் கிலோ குறைந்தால் ஒன்றரை லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு, உப்பு வேண்டும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பதநீர் நல்லது, ஆனால் ஓட்டும்போது அப்படியே குடித்தால் இனிப்பு வயிற்றில் தங்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

#6 · மண்டபத்து வாடை · ஜூன் 24

மாஸ்டர் சொன்னதுதான் கடல்லயும் சட்டம். எங்க அப்பா வத்தைப் படகு ஓட்டுன காலத்துல காத்தைப் பார்த்துதான் போறதும் வர்றதும். போறப்போ சிரமப்படு, திரும்புறப்போ காத்து கூட்டிட்டு வரும்படி பாத்துக்கன்னு சொல்லுவாங்க. வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு பேரும் நாலு குணம்.

மிதி அண்ணா, நீங்க செய்யுறதைத் திருப்பிப் போடுங்க. காலையில 5 மணிக்குக் கீழக்கரை, ஏர்வாடி வழியா சாயல்குடிப் பக்கம் போங்க. அப்போ காத்து லேசாதான் இருக்கும், ஆனா எதிர்ல இருக்கும். அது பலத்துக்கு. ஏழரைக்குத் திரும்புங்க, காத்து ஏறி முதுகுல தள்ளும். கால் ஏற்கனவே சோர்ந்திருக்கும், அந்தச் சோர்வோட 110 சுத்தணும். பர்சூட்ல கடைசி நாலு சுத்து அப்படித்தானே இருக்கும்? சோர்ந்த கால்ல வேகம். சென்னை அண்ணா கேட்டதும் அதுலயே வந்துரும், மாஸ்டர் பயமும் தீர்ந்துரும்.

தனுஷ்கோடி ரோடு வேற மாதிரி. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் கடல், வளைவே இல்ல. கச்சான் நேரா விலாவுல அடிக்கும். போறப்போ வலது பக்கம், வர்றப்போ இடது பக்கம். ரோட்டுல மணல் விரிஞ்சிருக்கற இடத்துல ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீங்க, தளர்வா விட்டு நேரா போங்க. நான் விழுந்தது இறுக்குனதாலதான். மூணு பேர் போனா ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தர் ஒளியுறதுல பிரயோசனம் இல்ல. காத்து வர்ற பக்கத்துக்கு முதல் ஆள், அவருக்குக் காத்து மறைவுல சரிவா அடுத்தவர், அடுத்தவர்னு படகு வரிசை மாதிரி நிக்கணும். அண்ணா ரோடு ரேஸ்ல அறுந்தது இதுனாலதான் இருக்கும். ஆனா அந்தச் சாய்வரிசைக்கு ரோடு பூரா வேணும், வண்டி வர்ற ரோட்டுல பழகாதீங்க.

#7 · உச்சிப்புளி மிதி · ஜூன் 24

தங்கச்சி, மாஸ்டர், ரெண்டு பேருக்கும் நன்றி. தப்பை ஒத்துக்குறேன். தொண்டியில இருந்து திரும்புன ரெண்டு நாள்லயும் தலைவலியோடதான் வந்தேன், அதைப் பயிற்சியோட பலன்னு நினைச்சுட்டேன். இந்த ஞாயிறு சாயல்குடிப் பக்கம்.

அறுந்த கதை நீங்க சொன்ன மாதிரியேதான். ரோட்டோட இடது ஓரத்துல வரிசையா ஒளிஞ்சிருந்தோம், காத்து வலப்பக்கம். எனக்கு முன்னாடி ஆள் இருந்தார், மறைவு இல்ல.

#8 · கீழக்கரை காக்கா · ஜூன் 25

பஞ்சரைப் பத்தி யாரும் பேசக் காணோமே. நம்ம மாவட்டத்துல சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். வேலி வெட்டி ரோட்டோரம் இழுத்துட்டுப் போன மறுநாள் ரெண்டு சக்கரமும் போகும். ஒரே காலையில மூணு பஞ்சர் பார்த்திருக்கேன். நான் செய்யுறது: பழைய ட்யூபை நீளமா வெட்டி, வால்வு இருக்கற இடத்தை எடுத்துட்டு, டயருக்கும் புது ட்யூபுக்கும் நடுவுல போடுறது. எடை கூடும், பந்தயத்துக்கு வேண்டாம், பயிற்சிக்கு உத்தமம். பஞ்சர் ஆனா டயர் உள்பக்கம் பஞ்சை வெச்சுத் தடவுங்க. முள் முனை ஒடிஞ்சு உள்ளயே நின்னா பஞ்சு மாட்டும். அதை எடுக்காம புது ட்யூப் போட்டா பத்து நிமிஷத்துல அதுவும் போயிரும்.

அடுத்தது உப்பு. கடலோரம் போய் வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவணும். சீட் கம்பியை மாசத்துக்கு ஒரு தடவை உருவி, துடைச்சு, கிரீஸ் போட்டு மாட்டுங்க. ரெண்டு வருஷம் உருவாம விட்டவர் ஒருத்தர் ஃபிரேமையே அறுக்க வேண்டியதாச்சு. இரும்புக்குள்ள அலுமினியம், உப்புக் காத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிரும்.

பாம்பன் பாலத்துல போறவங்களுக்கும் ஒண்ணு. நம்ம பக்கம் ஏத்தம்னு சொன்னா அந்த 2.3 கி.மீ. பாலமும் ரயில்வே மேம்பாலங்களும்தான், அதனால எல்லாரும் அங்க ஏறி இறங்கிப் பழகுறாங்க. உச்சியில காத்து கீழ இருக்கற மாதிரி இருக்காது. பக்கத்துல இருந்த பழைய ரயில் பாலத்துல காத்து மணிக்கு 58 கி.மீ. தாண்டுனா ரயிலையே நிறுத்திருவாங்க. இணைப்புத் தகடு மேல ஈரத்துல திருப்பாதீங்க, நேரா போங்க. கடலைப் பார்த்து நிக்கற கார்களுக்கு நடுவுல விரட்டிப் பழகாதீங்க.

#9 · கறுப்புக் கோடு · ஜூன் 25

#6 படிச்சேன். நான் சொன்ன எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்குறேன், பாதி. எதிர்காத்துல போய், முதுகுக் காத்துல சோர்ந்த காலோட 110 சுத்துறது நல்ல பர்சூட் பயிற்சிதான். மீதிப் பாதி, கூட்டத்தோட ஓட்டுறது டிராக்லதான் வரும். அதுக்கு நீங்க வருஷத்துக்கு நாலு தடவையாவது வெலோட்ரோம் வந்தாகணும்.

இன்னொண்ணு சொல்லணும். இந்திய டிராக் சைக்கிளிங்ல பெரிய பேர் எடுத்தவங்கள்ல சிலர் தீவுல இருந்து வந்தாங்க. ஈசோ ஆல்பன் அந்தமான் நிக்கோபார். 2018-ல சுவிட்சர்லாந்தோட ஏக்ல் நகரத்துல ஜூனியர் உலகப் போட்டி கெய்ரின்ல (மோட்டார் வண்டிக்குப் பின்னாடி வேகம் ஏத்தி, அது விலகுனதும் முந்துற பந்தயம்) வெள்ளி. அடுத்த வருஷம் ஜெர்மனியில ஜூனியர் டீம் ஸ்பிரின்ட்ல ரொனால்டோ சிங், ரோஜித் சிங்கோட சேர்ந்து தங்கம். டெபோரா ஹெரால்டு 2004 சுனாமியில சின்னப் பொண்ணா மரத்துல தொத்திப் பிழைச்சு, பின்னாடி தேசிய அளவுல ஸ்பிரின்ட் ஓட்டினவங்க. கடலோரத்துப் பிள்ளைங்களால முடியும். ஆனா அவங்க எல்லாரும் 250 மீட்டர் மரத்தளம் இருக்கற டெல்லிக்குப் போய்த்தான் பழகுனாங்க. 2010 காமன்வெல்த்துக்குக் கட்டுனது. ஊர்க் காத்து மட்டும் போதும்னு சொல்லிட்டா, டிராக் கேட்க வேண்டிய அவசியமே இல்லன்னு ஆயிரும். அதுதான் என் கவலை.

#10 · மண்டபத்து வாடை · ஜூன் 26

அந்தக் கவலை எனக்கும் இருக்கு. கூடவே இன்னொண்ணு. திருவிழாப் பந்தயத்துல பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு தனியா விடுறதே இல்ல. ஒரு ஊர்ல போய்க் கேட்டேன். கமிட்டிப் பெரியவர் யோசிச்சுட்டு, "நாலு பேர் சேர்த்துட்டு வா, விடுறோம்"னார். என்னையும் சேர்த்து மூணு பேர்தான் தேறுனோம். அடுத்த வருஷத்துக்கு நாலாவது ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். உலக அளவுல பெண்களுக்கு 3 கி.மீ.யா இருந்த பர்சூட்டை 2025 முதல் ஆண்களுக்கு மாதிரியே 4 கி.மீ. ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல எட்டு மைல் ஓட்ட நாலு பேர் கிடைக்கணும், அவ்வளவுதான் கேக்குறேன்.

நுங்கு வண்டி அண்ணா, உங்க மகளுக்குக் கியர் சைக்கிள் இப்போ வேண்டாம். அறிஞர் அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்ட அளவுல நடக்குற மிதிவண்டிப் போட்டி சாதாரண சைக்கிளுக்குத்தான். 13 வயசுக்குள்ள பொண்ணுங்களுக்கு 10 கி.மீ. அக்கா சைக்கிளே போதும். சீட்டை மட்டும் அவ உயரத்துக்கு இறக்குங்க. சீட்ல உக்காந்து குதிகாலைப் பெடல் அடியில வெச்சா முழங்கால் நேரா நீளணும், அதுதான் அளவு. செயினை முறுக்கா வெச்சுக்கோங்க. அகலமாத் திரும்பப் பழக்குங்க, மிதி அண்ணா பார்த்த அந்தப் படகுத் தம்பி மாதிரி. ரெண்டு செங்கலை வெச்சுட்டு தினமும் இருபது தடவை சுத்தச் சொல்லுங்க.

#11 · நுங்கு வண்டி · ஜூன் 27

நன்றி தங்கச்சி. செங்கல் வெச்சாச்சு. சீட் கம்பி காக்கா சொன்ன மாதிரியே துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சு உருவுனோம்.

#12 · உச்சிப்புளி மிதி · ஆகஸ்ட் 10

ஆறு ஞாயிறு சாயல்குடிப் பக்கம் போய் வந்தேன், தங்கச்சி சொன்ன திசையில. திரும்புறப்போ 20 நிமிஷம் 105-க்குக் குறையாம கால் சுத்துது இப்போ. தலைவலி இல்ல. மாஸ்டர் சொன்னபடி எடை பார்த்தேன், முதல் வாரம் 1.8 கிலோ குறைஞ்சது, போன வாரம் 700 கிராம். நீராகாரம்தான்.

சென்னை அண்ணா கேட்ட கூட்டப் பழக்கத்துக்காக டிசம்பர்ல மறுபடி வெலோட்ரோம் போறேன். இந்தத் தடவை தனியாப் போகல, ராமநாதபுரத்துல இருந்து மூணு பேர் வர்றாங்க. டிராக் கேட்கவே வேண்டாம்னு ஆகிருமோங்கற கவலைக்கு என்கிட்ட இருக்கற பதில் அதுதான். ஓட்டத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருந்தாதான் இங்க ஒண்ணு வேணும்னு கேட்கவே முடியும்.

#13 · நுங்கு வண்டி · செப்டம்பர் 15

போட்டி முடிஞ்சு இப்போதான் வீட்டுக்கு வந்தோம். ஐந்தாவது. திரும்புற இடத்துக்குப் போறப்போ ஒன்பதாவதா இருந்தா, வர்றப்போ ஆறாவது. கடைசி ஒரு கிலோமீட்டர்ல எதிர்காத்து. முன்னாடி போன பொண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டே வந்து, கோடு தெரிஞ்சதும் வெளியில வந்திருக்கா. அதை நான் சொல்லிக் குடுக்கல, இந்த இழையை அவளே உக்காந்து படிச்சிருக்கா.

தங்கச்சி, நாலாவது ஆள் கிடைச்சாச்சா? அடுத்த சித்திரையில அவளுக்கு 13 ஆயிரும். எட்டு மைல் ஓட்டுவியான்னு கேட்டேன், "போக வரவா, போக மட்டுமா"ன்னு கேட்டா. போக வரன்னேன். சரின்னுட்டா.